விருந்தாளிக்கான தட்டு

அறுவைக்கு ஐந்தாம் நாள் காலை
விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்.
கருவி தொண்ணூற்றாறு என்றது.
பழுதென்று நினைத்து
அடுத்த விரலையும் குத்தினேன்.
அதுவும் கிட்டத்தட்ட அதையே சொன்னது.

எடையோ இன்னும் நகரவில்லை.
அதே இடுப்பு,
அதே மருத்துவமனைச் சட்டை,
முதுகில் முடிய எட்டாத அதே நாடா.
மெலிந்த பிறகுதானே சர்க்கரை இறங்கும் என்றேன்.
டாக்டர் வோய்னார்
மாத்திரை உறையின் பின்புறத்தில்
ஒரு குழாய் வரைந்தார், குறுக்கே இன்னொன்று.
முன்பெல்லாம் கீழ்க்குடலுக்கு மிச்சம்தான் போகும்,
இப்போது முதல் கவளமே போய் விழுகிறது.
அது திடுக்கிட்டுக்
கணையத்துக்கு ஆள் அனுப்புகிறது:
எழுந்திரு, வந்துவிட்டார்கள் என்று.
"பாதிதான் எங்களுக்கே புரிகிறது"
பேனாவை மூடிக்கொண்டார்.

வூச் எங்கள் ஊர்.
படகு என்று பொருள்.
ஆறுதான் கண்ணில் படாது.
நெசவாலைக் காலத்திலேயே
ஆறுகளைக் குழாயில் விட்டு
மண்ணுக்கடியில் திருப்பிவிட்டார்கள்.
இருபத்தியொரு வருடம்
அவற்றின் தலைமேல் டிராம் ஓட்டியவள் நான்.
இன்சுலின் தொடங்கிய வாரம்
தொலைந்த பொருள் அறைக்கு மாற்றினார்கள்.
குடைகள், ஒற்றைக் கையுறைகள்,
ஒருமுறை ஒரு பல்செட்.
கேட்டு வந்தவர்கள் கொஞ்சம்தான்.

இப்போது இன்சுலின் இல்லை.
குளிர்பதனப் பெட்டியின் கதவில்
அது இருந்த இடத்தில் கடுகு ஜாடி.
ரத்தக்கொதிப்பு மாத்திரை இரண்டிலிருந்து அரை.
மூச்சுக்கு மாட்டிய இயந்திரம் பரணில்.
குறட்டை நின்றதும்
ஸெனோனுக்குத் தூக்கம் போயிற்று;
நடுநிசியில் எழுந்து
என் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறான்.

எல்லாம் இனிமை என்று சொல்லமாட்டேன்.
கொழுத்த வியாழனன்று
பணிமனையே பெட்டி பெட்டியாய்ப் பொன்ச்கி தின்றது.
ரோஜா ஜாம் அடைத்தது, பாதிதான் நான் எடுத்தேன்.
கால் மணி நேரத்தில்
நெஞ்சு தடதடவென்று தண்டவாளம் விட்டிறங்கியது.
வேர்வை. கண்ணில் இருட்டு.
பெஞ்சில் கிடத்தி இரெனேயுஷ்
என் கால்களைத் தூக்கிப் பிடித்தான்,
பாவம், பூட்ஸோடு.
சீப்பில் கொத்தாய் முடி வந்த மூன்று மாதம்.
இரும்புச் சத்துக்கு ஒரு மாத்திரை,
மாதம் ஒருமுறை ஊசி,
சாகும்வரை, என்றாள் நர்ஸ்,
பால் கணக்குச் சொல்வதுபோல.
தளர்ந்து தொங்கும் வயிற்றுத் தோலை
உள்ளாடைக்குள் மடித்துத்தான் வைக்கிறேன்,
யாரோ விட்டுப்போன கோட்டை
மடித்து அலமாரியில் வைத்த அதே கையால்.

ஆனி மாதம் போலொரு வெயில் நாளில்
மறுபடி ஓட்டுநர் இருக்கை.
பெல்ட்டில் இரண்டு ஓட்டை மிச்சம்.
முதல் வளைவில் அழுதேன்.
மணியடித்து மறைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு
பன்னிரண்டு பதார்த்தம்.
எல்லாவற்றிலும் ஒரு கரண்டி என்பது வழக்கம்,
எனக்கு இப்போது அதுவே அளவு.
பீட்ரூட் சூப், கெண்டை மீன்,
கசகசா பிசைந்ததை மட்டும் மோந்துவிட்டு நகர்த்தினேன்.
மேசையில் ஒரு தட்டு அதிகம்,
சொல்லாமல் வரும் விருந்தாளிக்கு.

"அப்போ உனக்குக் குணமாகிவிட்டது"
என்றாள் நாத்தனார் யுஸ்டினா, பொறாமையில்லாமல்தான்.
அந்தச் சொல்லை டாக்டர் சொன்னதே இல்லை.
தணிந்திருக்கிறது என்பார்.
ஐந்து வருடமோ பதினைந்தோ,
சிலருக்குத் திரும்புகிறதாம்,
சிலருக்கு இல்லையாம்.
எதிர் நாற்காலியை நான் பார்க்காமலிருக்கப் பார்த்தேன்.

எல்லோரும் போனபின்
பாத்திரம் துலக்கினோம்.
அந்தத் தட்டை யாரும் தொடவில்லை.
இருந்தாலும் கழுவி,
துடைத்து,
எட்டும் உயரத்திலேயே வைத்தேன்.