நான்கு விழுக்காடு

இரவு பத்துக்கு மேல் கன்ஃபோக்கலுக்குப் பாதிக் கட்டணம்.
அதனால் முன்பதிவுப் பட்டியலில்
என் பெயர் எப்போதும் அடியில்.

புவன விஸ்தாவில் இறங்கி
மழை நின்ற நடைபாலத்தில் வருவேன்.
ஏழாம் மாடியில் குளிரூட்டி மட்டும் விழித்திருக்கும்.

தீபாவளியன்றும் வந்தேன்,
தலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு.
திரவத்தின் இளஞ்சிவப்பு மஞ்சளுக்குத் திரும்பினால்
பசி என்று அர்த்தம்.
செல்களுக்குப் பொதுவிடுமுறை கிடையாது.

கொடுத்தவர் பெயர் எனக்குச் சொல்லப்படவில்லை.
பெண். முப்பத்தொன்று. படியேறச் சிரமம்.
அவர் புளோக்கில் மின்தூக்கி
எல்லா மாடியிலும் நிற்குமா என்று
படிவத்தில் இல்லை.
முழங்கையிலிருந்து மிளகளவு தோல்;
அதிலிருந்து இத்தனை தட்டுகள்.

உள்ளே சக்தி காய்ச்சுகிறவற்றைத்தான் தேடுகிறேன்.
தமிழில் இழைமணி.
இழையா, மணியா,
பெயர் வைத்தவருக்கும் தீரவில்லை போல.
கூடினால் இழை, பிரிந்தால் மணி,
நாள் முழுக்க இரண்டுமாய்த் திரிகின்றன.

உயிரோடே பார்க்கலாம்தான்.
லேசர் படப்படச் சாயம் வெளுக்கும்.
அதிகம் பார்த்த இடம்
முதலில் இருட்டாகும்.
போன வாரம் நாற்பது படம் வரை பொறுத்தது ஒரு செல்.
நாற்பத்தொன்றில் சுருட்டிக்கொண்டது.

ஆகவே இன்று ஃபார்மால்டிஹைடு.
நான்கு விழுக்காடு, பதினைந்து நிமிடம்.
ஒவ்வொரு புரதமும்
பக்கத்திலிருப்பதன் கையைப் பிடிக்கும்,
பிறகு விடாது.
மூன்று முறை கழுவி, சாயமேற்றி,
அறுபத்து மூன்று மடங்கு வில்லைக்கு
ஒரு சொட்டு எண்ணெய்
(தலைக்கு வைத்தது நினைவு வந்தது).

பச்சையில் இரண்டு மணிகள்.
நடுவே மெல்லிய கழுத்து.
பிரியப் போகின்றனவா,
இப்போதுதான் சேர்ந்தனவா?
வில்லையைக் குறைசொல்ல முடியாது.
அந்தக் கழுத்தின் அடுத்த நொடியை
நான்தான் ஊற்றி நிறுத்தினேன்.

நூர்ஹைடாவின் அட்டவணையில் இரண்டே பத்தி:
பிளவு, இணைவு.
எதுவானாலும் ஒன்றில் விழவேண்டும்.
மூன்றாவதாக ஒன்று இழுத்தேன்,
தலைப்பு: தெரியவில்லை.
மூன்றரை மணிக்குள் அதில் நூற்றுப் பதினேழு.

"இது செல்லாது லா" என்பாள் காலையில்.
என்பாள், அழிக்கமாட்டாள்.
இதே நாற்காலியில் ஐந்து வருடம் உட்கார்ந்தவள்.

விளக்கணைக்குமுன் இன்குபேட்டரைத் திறந்தேன்.
மிச்சத் தட்டுகள்
இன்னும் இளஞ்சிவப்பில்தான்.