தாள் நுழையாத இடம்

புதாபெஸ்டில், டிராம் திரும்பும் முனைக்கு அருகே,
வழிகாட்டி நூல்களில் இல்லாத
ஒரு வெந்நீர்க் குளியலகம்.
பத்தொன்பது வருஷமாய் அங்கே
துண்டு கொடுக்கிறேன், சாவி வாங்குகிறேன்,
தரை துடைக்கிறேன்.

முகம் மறந்துவிடும் எனக்கு.
தடம் மறக்காது.
நீரைவிட்டு ஏறுகிறவர்கள்
ஓடுகளில் எழுதிவிட்டுப் போவதை
அழிக்கும் முன் ஒருமுறை வாசித்துவிடுவேன்.
செவ்வாய்தோறும் வரும் நோட்டரி அம்மாளுக்கு
குதிகால் ஒரு தீவு,
விரலடி ஒரு தீவு,
நடுவே அகன்ற வெள்ளை ஓடு.
டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற டெஜோவுக்கு
வலது பெருவிரல் தரையில் படுவதே இல்லை,
இன்னும் பிரேக் மேல்தான் இருக்கிறது போல.

என்னுடையதை வாசித்ததில்லை.
ரப்பர் மிதியடி என் சீருடை.

வலி முதலில் முழங்காலுக்கு வந்தது.
மாத்திரை தந்தார்கள்.
இடுப்புக்கு ஏறியது.
ஊசி போட்டார்கள், பட்டை கட்டினார்கள்.
அப்புறம் முதுகின் அடியில்,
சாவிக்கொத்து தொங்கும் பக்கமாக.
எடையைக் குறை என்றார் ஒருவர்.
வலிப்பதால் நடப்பதில்லை,
நடக்காததால் எடை,
எடையால் வலி
என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்.

பதினோரு வருஷம். ஏழு எக்ஸ்ரே.
ஒன்றுகூட கணுக்காலுக்குக் கீழே இறங்கவில்லை.
செருப்பைக் கழற்று என்று
ஒருவரும் சொல்லவில்லை,
ஊரே வெறுங்காலோடு திரியும் இடத்தில்
வேலை பார்க்கிறவளிடம்.

நவம்பரில் ஓரிரவு குழாய் வெடித்தது.
மிதியடி வெள்ளத்தோடு போக
வெறுங்காலோடு ஓடி வால்வை மூடினேன்.
திரும்பி வரும் நடையில், காய்ந்த தரையில்,
வரிசையாய் எதிரே வந்தன
என் தடங்கள்.

தீவு இல்லை. இடைவெளி இல்லை.
தட்டில் வைத்த ரொட்டி மாதிரி முழுசாக,
உள்பக்கம் கொஞ்சம் பிதுங்கி.
குனிந்து பார்க்க முழங்கால் விடவில்லை.
நின்றபடியே பார்த்தேன்.

எங்கள் மொழியில் இதற்கு வாத்துப்பாதம் என்று பெயர்.
பள்ளியில் ஜிம்னாஸ்டிக் வரிசையில்
‘பொர்பாலா, க்வாக்’ என்பார்கள்.
கேலி என்றே வைத்திருந்தேன்.
வியாதியின் விலாசம் என்று தெரியாது.

புது டாக்டர் எட்டாவது எக்ஸ்ரேயை
வெளிச்சத்தில் பிடித்திருந்தபோது
கேட்காமலே காலுறையைக் கழற்றினேன்.
அவள் தரையில் உட்கார்ந்தாள், டாக்டர்!
என் மருந்துச்சீட்டின் ஓரத்தை
உள்ளங்காலுக்கு அடியில் தள்ளிப் பார்த்தாள்.
தாள் நுழையவில்லை.

பாதம் உள்ளே சரிகிறது, கணுக்கால் கூடவே சாய்கிறது,
முழங்கால் முறுக்கிக்கொள்கிறது,
இடுப்பு விட்டுக்கொடுக்கிறது,
முதுகு வட்டி கட்டுகிறது என்றாள்.
எய்தவன் தரையோடு தரையாய்க் கிடக்க
பதினோரு வருஷம் அம்பை நொந்திருக்கிறேன்.

எல்லாத் தட்டைப்பாதமும் வலிக்காது என்றும் சொன்னாள்.
உண்மைதான்.
என் தம்பி ஜோம்போருக்கும் இதே பாதம்.
ஞாயிறானால் மலை ஏறுகிறான், படுபாவி.

மிதியடிக்குள் இப்போது கார்க்கில் ஒரு சிறு மேடு.
பாதி மாதச் சம்பளம்.
முதல் வாரம் முட்டையை மிதித்து நிற்பதுபோல் இருந்தது,
உடைந்துவிடுமோ என்று நடந்தேன்.
தினமும் கால்விரலால் துண்டைச் சுருட்டி இழுக்கவேண்டும்.
துண்டா?
என்னிடம் நானூறு இருக்கிறது.

படி இறங்கும்போது முழங்கால் இன்னும் பேசுகிறது.
முதுகு சில நாள் பேசுவதில்லை.
தடம் மாறவில்லை, அதே ரொட்டி.

நேற்று மூடும் நேரம்,
பெஞ்சில் உட்கார்ந்து துண்டை இழுத்துக்கொண்டிருந்தேன்.
‘எதைத் தொலைத்தாய்?’ என்றார் டெஜோ,
நீர் சொட்டச் சொட்ட.
அது இருக்கட்டும், என்றேன்,
உங்கள் வலது பெருவிரல்
எப்போதிருந்து தரையைத் தொடுவதில்லை?

அவர் கீழே பார்த்தார்.
ஓடுகள் காய்வதற்குள்
இன்னொரு முறை பார்த்தார்.