வாழைப்பூ வண்டியின் ஹாரன்

ராணிப்பேட்டை சிப்காட்டில்
சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய நாலுக்கு நாலு அறை.
அதில் உட்கார்ந்து ஒரு ஷிப்டுக்கு
எண்ணூறு முறை ஹாரன் அடிப்பது என் வேலை.
இரண்டு நொடி. பச்சை விளக்கு. அடுத்தது.
சிவப்பு எரிந்தால் நீலத் தொட்டியில் போட வேண்டும்.

போன ஆடியில் புது ஆர்டர் வந்தது.
எங்கேயோ செய்கிற கரண்ட் கார்,
அமெரிக்காவில் முதல்முறையாகக் கடை திறக்கப்போகிறதாம்.
துருக்கி என்றார் ஸ்டோர்ஸ்காரர்.
கொரியா என்றாள் நஸ்ரின்.
பேர் யார் வாயிலும் நுழையவில்லை.
மூடியில் இருந்த முத்திரை
தலைகீழாய்த் தொங்கும் வாழைப்பூ மாதிரி இருந்தது,
வாழைப்பூ என்றே கூப்பிட்டோம்.
"வாழைப்பூ எத்தினி ஓடிச்சு?"
"வாழைப்பூ நானூறு, பஸ் ஹாரன் அறுபது."

சத்தம் அடக்கமாக இருக்கணும் என்றார்
சூப்பர்வைசர் ஏகாம்பரம்.
அந்த ஊரில் ஹாரன் அடித்தால்
ஆளைத் திட்டுகிற மாதிரியாம்.
ஐந்து வருஷம் ஓட்டி
ஒரு தரம்கூட அடிக்காமல்
விற்றுவிடுகிறவர்களும் உண்டாம்.

அப்படியானால்
சில கார்களுக்கு
நான் இங்கே அடித்ததுதான் மொத்தச் சத்தமும்.

அன்றைக்கு ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு
ஒரு கணம் கையில் வைத்திருந்தேன்.
எண்ணூறு அறுநூற்றுப்பத்தாகிப் போனது.
திட்டு வாங்கினேன், ஹாரன் இல்லாமலே.

கேன்டீனில் நஸ்ரின் சொன்னாள்:
"நம்ம வேலூர்க் கணக்குல சேத்துக்க.
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
சாமியில்லாத கோயில், இஞ்சின் இல்லாத காரு."
கோயிலுக்குச் சாமி வந்து
நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது,
பேச்சுதான் இன்னும் போகவில்லை.
அந்த வரிசையில் பெண்களைப் பற்றியும் ஒன்று உண்டு.
நாங்கள் இருவரும் அதைச் சொல்வதில்லை.

கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள், வெள்ளை ஷூ.
என் நாற்காலியில் உட்கார்ந்து
தானே ஒன்றை அடித்துப் பார்த்துச் சிரித்தாள்.
ஏதாவது கேட்கணுமா என்றாள், ஏகாம்பரம் வழியாக.
"இஞ்சின் சத்தமே இல்லன்னா
ரோட்டுல நடக்கிறவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"
மெதுவாகப் போகும்போது
ஸ்பீக்கரில் ஒரு பொய்ச் சத்தம் வருமாம்.
சத்தமில்லை என்று விளம்பரம்,
சத்தம் போடச் சொல்லிச் சட்டம்.

ஐப்பசியில் அங்கே வரி ஏறியது.
நாற்பதாயிரம் பன்னிரண்டாயிரமானது.
பன்னிரண்டாயிரம்
'பிறகு சொல்கிறோம்' ஆனது.
ஓவர்டைம் நின்றது.
கோடவுனில் அட்டைப்பெட்டிகள்
கூரை வரைக்கும் வாய்மூடி நிற்கின்றன.

நீலத் தொட்டி மட்டும் வாலாஜா பழைய இரும்புக்குப் போனது.
அங்கே தொண்ணூறு ரூபாய்க்கு ஒன்றை வாங்கி
ஷேர் ஆட்டோவில் மாட்டினான் தனகோட்டி,
என் வீட்டுக்காரன்.
"உன் அமெரிக்காவ ஓட்டிக்காட்டறேன், ஏறு."

ஞாயிற்றுக்கிழமை, கிரீன் சர்க்கிள்.
முன்னால் லாரி, பக்கத்தில் திருமண வேன்,
முதுகில் பெங்களூர் பஸ்.
அடித்தான்.
யாரும் திரும்பவில்லை.
இன்னொரு தரம்.
வேனில் இருந்த ஒரு பையன் மட்டும்
யாருடைய போன் என்று தேடினான்.

"இன்னாமே இது,
மன்னிச்சுக்கோன்னு கேக்குது?"
எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
மூன்று டெசிபல் கூடிப்போச்சு என்றுதான்
இதற்குச் சிவப்பு எரிந்தது.

கழற்றப் போனவனைத் தடுத்தேன்.
பழையது பக்கத்திலேயே தொங்குகிறது,
இரண்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச்.
காட்பாடி ரயில் சவாரிக்கு
நாலரை மணிக்குக் கிளம்பும்போது,
கைக்குழந்தை இருக்கிற மூலை வீட்டைத் திரும்புகையில்,
வாழைப்பூவைத்தான் அடிக்கிறான்.

விழித்திருந்தால் படுத்தபடியே எண்ணுகிறேன்.
ஒன்று. இரண்டு.
இருட்டில் விளக்கு எதுவும் எரிவதில்லை.
பழக்கத்தில் கை மட்டும்
அடுத்ததை எடுக்க நீள்கிறது.