ஒட்டிக்கொண்ட ஒற்று

படிவத்தில் மூன்றாவது கட்டம்:
இனி அறியப்பட விரும்பும் பெயர்.
தேநீர் ஆறி ஏடு படர்ந்துவிட்டது.

முப்பத்தோரு வருஷம்
எரிவாயு அலுவலகத்துக்கும் பல் மருத்துவருக்கும்
தொலைபேசியில் எழுத்துக்கூட்டியிருக்கிறேன்:
என், ஓ, ஏ, கே, ஈ, எஸ்.
அந்த ஏ எதற்கு என்பார்கள்.
அது சும்மா உட்கார்ந்திருக்கும், பேசாது,
என் மாமனாரைப் போல என்பேன்.

நோக்ஸ்.
கிளைவ் கொடுத்தது.
கிளைவ் இப்போது ஈஸ்ட்போர்னில்
படகு ஓட்டும் ஒருத்தியோடு இருக்கிறார்.
மேசை, நாய், தோட்டத்துப் பிளம் மரம் வரை
பிரித்தாகிவிட்டது.
பெயரைப் பற்றி வக்கீல்கள் ஒரு வரியும் எழுதவில்லை.

பிறந்த வீட்டுப் பெயர் பென்ஃபோல்ட்.
ஊர்மேய்ந்த மாடுகளைப் பிடித்து
அடைத்துவைக்கிற பட்டி என்று அர்த்தமாம்.
ஐம்பத்தெட்டு வயதில் திரும்பவும் பட்டிக்கா?
எதைத் தூக்கி எறியப் போகிறேன் என்றாவது
பார்த்துவிடலாமென்று
கவுண்டி ஆவணக் காப்பகத்துக்கு பஸ் ஏறினேன்.
பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் தந்தார்கள்.

எழுநூறு வருஷத்துக்கு முந்தைய வரிப்பதிவு.
ஆட்டுத்தோலில், குளிரில் விறைத்த விரலால்
யாரோ ஓர் எழுத்தர்:
ஹேமோ, அட்டென் ஓக்ஸ், பதினாறு பென்னி.
ஓக் மரங்களின் அருகே இருக்கும் ஹேமோ.
அவ்வளவுதான்.
பாலத்தருகே இன்னொரு ஹேமோ இருந்தான்,
அவன் வரியை இவனிடம் கேட்டுவிடக் கூடாதே.
குலமுமில்லை கொடியுமில்லை,
பன்றிகள் கொட்டை பொறுக்கிய இடத்துக்கு
ஓர் அடையாளம்.

அட்டென் என்றால் அருகே.
வேகமாகச் சொல்லிப் பாருங்கள்.
நிலைமொழியின் கடைசி ஒற்று
வருமொழியின் வாசற்படி தாண்டி
உள்ளே போய்விடும்.
அப்புறம் நிலைமொழி நிலைக்கவில்லை.
சில தலைமுறையில் அது உதிர்ந்துபோனது.
மரங்களையும் வெட்டியிருப்பார்கள்,
கப்பலுக்கோ கரிக்கோ.
ஒற்று மட்டும் போகவில்லை.
இடையில் ஒரு பாதிரியார் அதைத் துரத்திவிட்டு
வெறும் ஓக்ஸ் என்று எழுதினார்.
அடுத்த ஞானஸ்நானத்துக்குள் திரும்பி வந்திருந்தது.

அந்தக் கால வக்கீல்களின் பாடப் புத்தகத்தில்
குப்பன் சுப்பன் என்கிற இடத்திலெல்லாம்
இந்தப் பெயர்தான்: ஜான்-அ-நோக்ஸ்.
பக்கத்துக்குப் பக்கம் வயலை இழப்பான்,
மாட்டை மீட்பான்,
பிறந்ததே கிடையாது.
பதிவேட்டிலோ நிஜமாகவே ஒரு ஜான்,
எல்லைக் கல்லை நகர்த்திய அண்டைவீட்டான்மேல்
லூயிஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவன்.
பெயரைச் சொன்னதும் சபையில் சிரிப்பு என்று
ஓரத்தில் குறித்திருக்கிறார்கள்.
தீர்ப்பு இருந்த மூலையை எலி தின்றிருந்தது.

கடைசியில் சாட்சியாக அவன் மனைவி.
பேஷன்ஸ் நோக்ஸ்.
கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி,
மை கொஞ்சம் அதிகமாகவே தொட்டிருக்கிறாள்.
எந்த வீட்டிலிருந்து வந்தவளோ,
அந்தப் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.
அவள் குறிக்குமேல் விரலை வைக்கப்போனேன்,
தொடாதீர்கள் என்றார் மேற்பார்வையாளர்.

ஹேமோ எனக்கு யாருமில்லை.
ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை.
ஆனால் அந்த ஒற்றை எனக்குத் தெரியும்.
பக்கத்துச் சொல்லிலிருந்து வந்தது,
கூட்டிவந்த சொல் கிளம்பிப் போனபோது
தன் பெட்டியைக் கட்டவில்லை.

மூன்றாவது கட்டத்தை நிரப்பினேன்,
பேசாத ஏ-யையும் சேர்த்தே.

பிளம் மரம் கிளைவின் கணக்கில்தான் இருக்கிறது.
அதைப் பிடுங்கிக்கொண்டு போக
அவர் இன்னும் வரவில்லை.