நான்காவது தோட்டா

நாலாம் எண் டிராமைப் பணிமனையில் விட்டுவிட்டு
வீடு சேர மணி பத்தாகும்.
பில்சனில் பிப்ரவரி.
கையுறைக்குள்ளும் விரல்கள் விறைத்திருக்கும்.
சூப் சூடாகும் நேரந்தான் என் பயிற்சி நேரம்.

முதலில் தோட்டாப் பெட்டி.
அது குளியலறையில், சலவை இயந்திரத்தின் மேல்,
கதவைச் சாத்தியாயிற்று.
பிறகு துப்பாக்கியைத் திறந்து பார்க்கிறேன், காலி.
சுண்டுவிரல் விட்டுப் பார்க்கிறேன், காலி.
விளக்கடியில் இன்னொரு தரம்.
வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெருவிலிருந்து
திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள் நான்.

சுவரில் மிளகளவு கறுப்புப் புள்ளி,
பேனாவால் நானே வைத்தது.
பின்னால் இரண்டடிக் கல்,
அதற்கும் பின்னால் குன்றின் மண்.
குழல்மேல் ஒரு கொரூனா நாணயம்.
மூச்சைப் பாதி விட்டு, பாதி வைத்து,
தூங்கும் குழந்தையின் கைக்குள்ளிருந்து
சாவியை உருவுவதுபோல் விசையை இழுக்கிறேன்.
டிக்.
காசு அசையவில்லை.

மேல்வீட்டு ஹ்ரொன்கோவா
படிக்கட்டில் மறித்துக் கேட்டாள்:
"ராத்திரியெல்லாம் என்ன அது, ஸ்டேப்ளரா?"
"ஆமாம், கணக்கு வழக்கு."
வரி கட்டுகிற காலம், பாவம், என்று
ஒரு ஜாடி வெள்ளரி ஊறுகாய் கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டேன். ருசியாகத்தான் இருந்தது.

இப்படி மூன்று மாதம்.
ஒரு தோட்டா செலவில்லை, சுவரில் கீறலில்லை.
பதக்கம் மாட்ட மனசுக்குள்
ஆணிகூட அடித்தாயிற்று.

சனிக்கிழமை, ஊருக்கு வெளியே,
கைவிட்ட கற்சுரங்கத்தில் சுடுதளம்.
இங்கே காற்று உண்டு, கட்டணம் உண்டு,
பக்கத்துத் தடத்தில் பல் மருத்துவர் உண்டு.
அவர் சுடச்சுட வெற்றுக் குப்பிகள் பறந்து வந்து
என் கழுத்துப்பட்டைக்குள் விழுந்து சுடும்.
காதடைப்பானைத் தாண்டி
நெஞ்செலும்பில் வந்து கேட்கும் சத்தம்.
என் ஓட்டைகள் எல்லாம்
தாளின் அடியில், இடது மூலையில்,
மழைக்கு ஒதுங்கிய ஆடுகள்போல.

குறிமுள் வளைந்திருக்கும் என்றேன்.
தோட்டா மட்டரகம் என்றேன்.
விறைத்த விரல், விற்றவன் திருடன்.
தளக்காவலாள் ஸ்தீஸ்லவா,
என் தங்கை மகள் வயசுதான் இருக்கும்,
சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி
எல்லாம் கேட்டாள்.
முதுகைக் காட்டி நின்று
தோட்டாக்களைத் தானே நிரப்பிக் கொடுத்தாள்.

வெடித்தது.
வெடித்தது.
வெடித்தது.
நான்காவது,
டிக்.

அந்த ஒரு டிக்கில் பார்த்தேன்:
வராத உதைக்கு என் கை முன்கூட்டியே குனிந்ததை,
முதலாளி இல்லாத நாற்காலிக்கும்
கும்பிடு போடுகிறவன்போல
குழல் தலை தாழ்த்தியதை.
இத்தனை நாளும் சத்தத்துக்குள் ஒளிந்திருந்தது.
அவள் நடுவே செருகியிருந்த பொய்த் தோட்டா
என் காலடியில் விழுந்தது, செம்மண் நிற பிளாஸ்டிக்.
என் சமையலறைச் சத்தமேதான்.
இவ்வளவு தூரம் என் பின்னாலேயே
வந்து நின்று
காட்டிக்கொடுத்துவிட்டது.

அடிக்காத வீட்டில் அழாத பிள்ளை
என்ன வீரம் கண்டது?
ஸ்தீஸ்லவா ஒன்றும் சொல்லவில்லை.
விதைத் தோலைத் துப்பினாள்.

அன்றிரவு சூப்பை இறக்கிவைத்துவிட்டு
மேலே போய் ஹ்ரொன்கோவாவிடம்
உண்மையைச் சொன்னேன்.
ஊறுகாயைத் திருப்பிக் கேட்பாள் என்று நினைத்தேன்.
காலி அறையைத் தானும் ஒருமுறை எட்டிப் பார்த்து,
இரண்டு இட்லிப்பானை அளவு மூடிகளோடு
என் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.
எப்போது அடிப்பாள் என்று
அவளுக்கே தெரியாது.

புள்ளி. மூச்சு. விசை.
டமார்!

காசு உருண்டு
குளிர்பெட்டிக்கு அடியில் போனது.
துடைப்பக் குச்சியோடு இருவரும்
மண்டியிட்டுத் தேடினோம்.
கிடைத்தது
அவள் சிரிப்பும், பழைய பட்டாணி ஒன்றும்.
"பரவாயில்லை," என்றாள்,
"என்னிடம் சில்லறை நிறைய இருக்கிறது."