கணக்கில் மிஞ்சிய இருநூற்று இருபது ரூபா

இரவு மூன்று மணிக்கே கல்லடிப் பாலம் தாண்டினோம்.
வெயில் எழும்புமுன் ஹபரணையைப் பிடித்துவிடலாம்
என்பது லோகிதனின் திட்டம்.
வெயில் எங்களுக்கு முன்னமே அங்கே வந்து நின்றது.

பத்தொன்பதாயிரம் ரூபா. மூன்று பகல், இரண்டு இரவு.
தம்பியிடம் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிள்.
அதன் வலப்பக்கக் கண்ணாடியில்
என் தலைக்கவசத்தில் பாதியும்
பின்னால் ஓடும் வன்னிக் காடும்.
கைப்பையில் கணக்குக் கொப்பி.

ஆனையிறவில் காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளியது.
எங்கள் ஊரில் இதற்குக் கச்சான் என்று பெயர்.
'சோளகம்' என்றார் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தவர்.
காற்றும் எங்கோ வழியில்
பேரை மாற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறது.
இங்கே கச்சான் என்று கேட்டால்
சுருளில் வரும், வறுத்தது, நூறு ரூபா.
எழுதிக்கொண்டேன்.

பெனடிக்ற் அண்ணையின் லொட்ஜில்
ஏசி அறை ஆறாயிரம்.
'ஃபேன் காணும்கா' என்று லோகிதன் என்னிடம் முணுமுணுத்த
அந்தக் 'கா'வில் ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்.
இரவு பத்துக்குக் கரண்ட் போனதும்
ஒரு பாயோடு வந்து கதவைத் தட்டினார்:
'மட்டக்களப்பார் எங்களைத்தானே
பாயோட ஒட்டவைப்பியள்.
இண்டைக்கு மேல போய் நீங்கள் ஒட்டுங்கோ.'

ஒட்டினோம், வியர்வையில்.
கல்யாணமாகி ஆறு வருசத்தில்
வானத்துக்குக் கீழே படுத்தது இதுதான் முதல்தடவை.
சின்ன வயதில் வெளியே படுத்ததெல்லாம்
வேறு கணக்கு. அதை அவரும் எடுக்கவில்லை,
நானும் எடுக்கவில்லை.

கோட்டை மதிலெல்லாம் முருகைக்கல்.
கடல் கட்டியதைத் தோண்டி எடுத்துக்
கடலுக்கு எதிராகவே கட்டியிருக்கிறார்கள்.
ஹார்ட்வெயார் கடைக்காரனைக் கட்டியவள் நான்;
'இண்டைய விலைக்கு எத்தனை பக்கற் சீமெந்து முடியும்?'
என்று மதிலைத் தட்டித் தட்டி நடக்கிறவரோடு
சரித்திரம் பார்க்கிறேன்.

சங்கிலியன் தோப்பில் வளைவு மட்டும் நிற்கிறது.
வாசலால் போனால் மறுபக்கம் வெளி.
லோகிதன் நிறைய நேரம் பேசவில்லை.
ஊரில் எங்கள் வளவிலும் அப்படித்தான்:
நிலை வைத்தோம், தேங்காய் உடைத்தோம்,
அதோடு லோன் காசு முடிந்தது.
ஆடு ஒன்று தினமும் அதற்குள்ளால்
முறையாக நுழைந்து, முறையாக வெளியே போகும்.
'அரசனுக்கே இவ்வளவுதான் மிஞ்சியிருக்கு'
என்றார் கடைசியில்.
ஆறுதலா, பகிடியா, எனக்கு விளங்கவில்லை.

பின்னேரம் கூல்பாரில் சண்டை.
ஒரு ஐஸ்கிரீம்தான் சொன்னார்.
'எனக்குப் பல்லுக் கூசும், நீ சாப்பிடு.'
அவருடைய முப்பத்திரண்டு பல்லையும் எனக்குத் தெரியும்.
கோபத்தில் முழுவதையும் நானே தின்றேன்.
பண்ணைப் பாலம் வரைக்கும் கதைக்கவில்லை.
அங்கே வலைக்கம்புகளில் நீர்க்காகங்கள்
செட்டை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன.
'உடுப்புக் காயப்போட்ட மாதிரி' என்றேன்,
வாய் தவறி.
அதோடு சண்டை முடிந்தது. செலவு இல்லை.

திரும்பும் நாள் கிளிநொச்சிக்கு இப்பால்
புளியமர நிழலொன்றில் கொப்பியைக் கூட்டினேன்.
இருநூற்று இருபது ரூபா கூட நிற்கிறது.
இரண்டுதரம் கூட்டினேன்.
மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.

யாரோ எங்களிடம் காசு வாங்காமல் விட்டிருக்கிறார்கள்.
'நுங்குக்காரர்தான்' என்றார் லோகிதன்.
அவருக்கு நான் கொடுத்தது ஞாபகம்,
ஈரக் கையால் வாங்கித் தாளை உதறினார்.
காலையில் பெனடிக்ற் அண்ணை தந்த பிளேன்ரீயா?
பிச்சிப் பூ விற்ற பிள்ளை
மிச்சம் மாறித் தந்தாளா?
நல்லூர் வீதியில் செருப்புப் பார்த்தவரா?
ஒவ்வொரு முகத்திடமும் திரும்பப் போய்
'அண்ணை, காசு தந்தனாங்களா?' என்று கேட்டோம்,
புளியமரத்துக்குக் கீழே இருந்தபடியே.
ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தத் தொகையை எந்தப் பக்கத்தில் எழுதுவது?
வரவு என்றால் யாரிடமிருந்து,
கடன் என்றால் யாருக்கு?

ஓமந்தையில் பெற்றோல் அடித்தோம்.
அதில் போய்விட்டது.