பதினாறு ஜிபி

மதியமே சொல்லிவிட்டது கணினி,
நினைவகம் போதாது என்று.
அதட்டி உருட்டி
இரவு பதினொன்று வரை ஓட்டிவிட்டேன்.

அந்தேரி மேற்கில் வெல்டிங் பட்டறைக்கு மேல் அறை.
பட்டறை மூடினால்தான் எனக்குக் காது திறக்கும்.
பருலேகர் கேட்டது ஒரு சின்னப் பாட்டு.
அதன் முடிவில், சீரியல் மாமியார்
திரும்பிப் பார்க்கிற இடத்தில்,
வயலின் கும்பல் ஒன்று எழும்பி அடங்க வேண்டும்.

கும்பல் இருக்கிறது என்னிடம். தவணையில் வாங்கியது.
ஏதோ குளிர்நாட்டு மண்டபத்தில்
ஒரு ச-வை
மெல்ல, கொஞ்சம் ஓங்கி, இன்னும் ஓங்கி, உயிரை விட்டு
என்று நான்கு விதம் வாசித்திருக்கிறார்கள்.
அதே ச அடுத்தடுத்து வந்தால் மெஷின் போலிருக்குமாம்,
அதனால் ஒவ்வொன்றும் நான்கு தடவை.
அருகே ஒரு மைக், நடுவில் ஒன்று, கூரையில் ஒன்று.
பெருக்கிக்கொள்ளுங்கள்.
ஒரு ச-வுக்கு நாற்பத்தெட்டு.
மாமியார் திரும்ப இரண்டு நொடி.

முதலில் பிரவுசரை மூடினேன்.
மின்கட்டணம், குக்கர் வாஷர்,
தாணேயில் பார்க்காமலே பிடித்துப்போன வாடகை வீடு,
எல்லாம் போயிற்று.
பிறகு கூரை மைக்கை அணைத்தேன், நடு மைக்கையும்.
மண்டபம் மறைந்தது.
அத்தனை வயலின்காரர்களும்
என் அறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள்,
முழங்காலோடு முழங்கால் இடித்து.

முழு ஸ்வரத்தையும் நினைவில் வைக்கத் தேவையில்லை.
தலைப்பு மட்டும் போதும், ஒரு கண்சிமிட்டல் நீளம்.
மீதி, ஒலித்துக்கொண்டிருக்கும்போதே
டிஸ்கிலிருந்து வந்து சேரும்.
தாதரில் ரயில் ஏறுவது அப்படித்தான்.
ஒரு கால் பலகையில் பட்டால் போதும்,
மீதி உடம்பைக் கூட்டம் இழுத்துக்கொள்ளும்.
இழுக்காத நாளில் டப்பென்று ஒரு சத்தம்.
இங்கே அது வந்தால்
பஃபரைக் கொஞ்சம் கூட்டிவைப்பேன்.
அங்கே வந்ததைப் பற்றி
நான் பேசுவதில்லை.

கடைசியாக பர்ஜ்.
பாட்டில் வராத ஸ்வரங்களை எல்லாம்
நினைவிலிருந்து இறக்கிவிடும் பொத்தான்.
வியோலாவில், நடுவாக்கில், ஒரு கறுப்புக் கட்டை.
அதன் மூன்றாம் பிரதியில்
யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்.
விற்றவர்களுக்கே தெரியுமோ என்னவோ.
எனக்குத் தெரியும்.
அழுத்தினேன். அவரும் போனார்.
ஒன்பது ஜிபி காலி.
ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது.

ஒன்றரை மணிக்கு போன்.
ஹேமாங்கிக்குத் தொண்டை சரியில்லை,
அரைக் கட்டை இறக்கு, என்கிறார் பருலேகர்.
அரைக் கட்டைதானே,
தேநீருக்குச் சர்க்கரை கேட்கிற குரலில்.

இறக்கினேன்.
திரையில் ஸ்வரங்கள் ஓடுகின்றன,
ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை.
துரத்திவிட்டவர்களையே
தேடிப் போக வேண்டிய கட்டை இது.
ஏழில் இரண்டு மட்டும் கேட்கின்றன:
பழைய நி, இப்போது ச.
பழைய க, இப்போது ம.
நடுவிலெல்லாம் பள்ளம்.
ச, நெடுநேரம் எதுவுமில்லை, ம,
கீழே ஒரு ஆட்டோ திரும்பும் சத்தம்,
மறுபடி ச.
மூன்று முறை கேட்டேன்.
“ஓட்டை” என்று பெயரிட்டு சேமித்தேன்,
யாரும் கேட்கப்போவதில்லை என்றாலும்.

பிறகு எல்லோரையும் திரும்ப ஏற்றினேன்.
நீலக் கோடு ஊர்ந்தது.
முதல் ரயிலின் ஹாரன் கேட்டபோது
எழுபது சதவீதம்.

அந்தக் கறுப்புக் கட்டைதான்
புதிய சுருதியில் க.
அழுத்தினேன், வியோலா.
மறுபடி அழுத்தினேன், வியோலா.
மூன்றாம் தடவை, வந்திருந்தார்,
நாற்காலியோடு.

காலையில் பருலேகர் ஹெட்போனைக் கழற்றாமல் கேட்டார்,
நடுவில் ஏதோ கிரீச்சென்கிறதே?
மண்டபம், என்றேன்.
ஓ, என்றார், நல்ல மண்டபம்.